படலையில் நிற்பவரின் மனத்துயர்
(குடாநாட்டுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



2020 மார்ச் மாதத்தை நாம் மறந்துவிடவில்லை. 15ஆந் தேதி அரியாலையில் நடந்த ஆராதனைக்குச் சென்றவர்களைத் தேடித் தனிமைப்படுத்தினார்கள். 22ஆந் தேதி குடாநாட்டின் முதலாவது கொரோனா நோயாளி அடையாளங் காணப்பட்டார். ஊரடங்கு வந்தது, நாம் படலையைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தோம். பூட்டிய படலைக்கு வெளியே வந்து நின்றவர்கள் யார்? பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல உத்தியோகத்தருமல்லவா?

அவர்கள் வேற்றூரார் அல்லர். கலியாணப் பந்தியில் நம்மோடு அமர்ந்து உண்டவர் நம் மதிலிலேயே தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டவேண்டியிருந்தது. ஒட்டிய மறுகணமே அவர் நமக்குப் பகையாளியானார். ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவரென நியமிக்கப்படும் குடும்பநல உத்தியோகத்தரோ, கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் விட்டுவிட்டு வீட்டிலிருக்க முடியாது. மாலையில் கிணற்றடியில் குளித்த பின்னும் தன் பிள்ளையைத் தூக்க அஞ்சிய தாயின் மனத்தை எந்தப் பதிவேடு காட்டும்?

அதே ஆண்டு ஜூலையில் நாடெங்குமுள்ள பரிசோதகர்கள், தமக்குச் சட்ட அதிகாரம் வேண்டுமெனக் கோரிக் கொரோனாத் தடுப்புக் கடமையிலிருந்து விலகி நின்றனர். அதனைச் சம்பளச் சண்டையென்று சிலர் இகழ்ந்தனர். அது தவறு. பொறுப்பைத் தோளில் ஏற்றி அதிகாரத்தை மறுத்தால் எவருடைய மனமும் ஒடியும்.

கொரோனாவோடு இது முடிந்ததா? இல்லை. 2024 டிசெம்பரில் பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கங்களில் காய்ச்சல் பரவி உயிர்களைக் குடித்தது. எலிக்காய்ச்சலென்று உறுதியாகுமுன், இன்ன நோயென்றே தெரியாத நாட்களிலும் அதே ஊழியர்கள் வெள்ளம் நின்ற ஒழுங்கைகளில் வீடுவீடாகச் சென்றனர். வயலில் இறங்குவோருக்குத் தடுப்பு மாத்திரை வழங்கினர். நம்மிற் சிலர் அதனை வாங்கி முந்தானையில் முடிந்துவைத்துவிட்டு விழுங்காமலே விட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்வோம்.

இவர்களுக்கு உறக்கம் கெட்டால் எங்கே போவார்கள்? தெல்லிப்பழையில் மனநலப் பிரிவு உண்டு. ஆனால் நம் ஊர் வாய்க்கு ‘விசர்’ என்ற ஒரு சொல்தானே தெரியும்! வாசலில் கண்டவர் நாலு வீட்டுக்குச் சொல்வாரென்ற அச்சமே அவரைத் தடுக்கும். போர்க்காலத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர், ஆசிரியரையும் கிராமத் தொண்டரையும் பிறர் துயர் கேட்கப் பயிற்றிய மண் இது. அப்பயிற்சியின் பயன் சுகாதார ஊழியருக்கும் கிட்டவேண்டாமா?

ஆகவே அரசிடம் நாம் கேட்பது இது: தொற்றுக் காலக் கடமைக்கு மாற்றாள் வேண்டும், வெற்றிடங்கள் நிரப்பப்படவேண்டும். ஊழியர் மனம் திறந்து பேச, அவருடைய மேலதிகாரியல்லாத ஒருவர் வேண்டும்; பேசியது சுயவிபரக் கோவையில் ஏறக்கூடாது. வைத்தியர்களே, மாதமொரு மாலையை இதற்கெனத் தாருங்கள். அதற்கு அரசாணை வேண்டியதில்லை.

மனு வாயிலருகே மேசைமீது இருக்கிறது. கமக்காரர்கள் முதலிற் கையொப்பமிடுங்கள். அடுத்த மாரிக்கு முன் அது கொழும்பைச் சேரவேண்டும்.