கையெழுத்துக்கு முன்னாடி படிக்கணும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டு வேலை, ஒரு கறவை மாடு, குழுவுல தீர்மான நோட்டு எழுதுறது, இதுதான் எனக்குத் தெரியும். வக்கீல் மாதிரிப் பேச வராது. எங்க வீட்டுல நடந்ததை வச்சே சொல்றேன்.

எங்க வீட்டுக்காரர் கொத்தனார். 2023 ஐப்பசியில வேலை முடிஞ்சு மோட்டார் சைக்கிள்ல வரும்போது, மெயின் ரோட்டுல இருந்து ஊருக்குத் திரும்புற இடத்துல பின்னாடி வந்த கார் இடிச்சிருச்சு. வலது கால்ல ரெண்டு இடத்துல எலும்பு முறிவு. ஹெல்மெட் போட்டிருந்ததால தலை தப்புச்சு.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது டாக்டர் விவரம் எழுதிக்கிட்டு இருக்கார். கார் ஓட்டினவரும் கூடவே வந்திருந்தார். ஓடிப் போகாம வந்தாரே, அதுக்கு அவரைப் பாராட்டணும். ஆனா "எப்படி அடிபட்டது?"ன்னு டாக்டர் கேட்டதுக்கு, "வண்டி சறுக்கித் தானா விழுந்துட்டார்"னு சொல்லிக்கிட்டு இருக்கார். எனக்கு அழுகை ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். "ஐயா, அடிபட்டவர் நினைவோடதான் இருக்கார், அவரையே கேளுங்க"ன்னேன். அவர் வலியோட "கார் இடிச்சுதுங்க"ன்னு சொன்னார். அதுக்கப்புறம்தான் டாக்டர் அப்படி எழுதினார்.

அது விபத்துப் பதிவேடு. ஏ.ஆர். காப்பின்னு சொல்லுவாங்க. பின்னால கோர்ட்டுல இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதல்ல புரட்டுறது அதைத்தான். அதுல "தானா விழுந்தார்"னு இருந்தா, "அப்போ எங்க கார் எங்கே வந்துச்சு?"ன்னு கேட்பாங்க. பதில் சொல்ல முடியாது. ஆம்பளைங்க வண்டி தூக்க, போன் பண்ண ஓடுவாங்க. நம்ம ஒருத்தி அந்த நோட்டுப் பக்கத்துல நிக்கணும்.

சிகிச்சைச் செலவை நினைச்சு யாரும் தயங்க வேண்டாம். "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48"ன்னு 2021 டிசம்பர்ல வந்த அரசுத் திட்டம் இருக்கு. ரோட்டுல அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். அரசு ஆஸ்பத்திரியிலயும் உண்டு, திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலயும் உண்டு. காப்பீட்டு அட்டை இல்லாட்டியும் செல்லும்.

மறுநாள் காலையில பெரிய மனுஷங்க நாலு பேர் வந்துட்டாங்க. "பக்கத்து ஊர்க்காரங்க, கேஸுன்னு போனா அலையணும், இருபத்தஞ்சாயிரம் வாங்கிக்கம்மா"ன்னு சொன்னாங்க. என் மாமியாருக்கே அது சரின்னு பட்டுச்சு. நான் சொன்னேன்: "மாமா, அந்த அண்ணன் கைக்காசு எனக்கு வேண்டாம். காருக்கு இன்சூரன்ஸ் நடப்புல இருந்தா இழப்பீட்டைக் கம்பெனிதான் கட்டும். அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்காகத்தானே மூணாம் நபர் இன்சூரன்ஸைச் சட்டம் கட்டாயமாக்கி வச்சிருக்கு?" ஓட்டினவர் பேர்ல போலீஸ் கேஸ் வரும், அது உண்மைதான். அதை நான் மறைக்கல. ஆனா ஆறு மாசம் வேலைக்குப் போக முடியாத கொத்தனார் குடும்பம் இருபத்தஞ்சாயிரத்துல எப்படிச் சாப்பிடும்?

ஸ்டேஷனுக்கு என்கூட நம்ம குழு அக்கா ரெண்டு பேர் வந்தாங்க. மனு குடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது தந்தாங்க. ரெண்டு நாள் கழிச்சு எஃப்.ஐ.ஆர். போட்டாங்க. கையெழுத்துக் கேட்டப்போ, "ஒரு தடவை படிச்சுக்கறேங்க"ன்னு வாங்கி உட்கார்ந்துட்டேன். எழுதினவருக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். குழுவுல தீர்மானத்தைப் படிச்சுக் காட்டாம யாராவது கையெழுத்துப் போடுறோமா? படிச்சுப் பார்த்தா, கார் நம்பர்ல கடைசி ரெண்டு எண் மாறி இருக்கு. டீக்கடைத் தம்பி அப்பவே போன்ல எடுத்த போட்டோவைக் காட்டினேன், திருத்திட்டாங்க. வேற நம்பர்னா வேற யாரோ வண்டி, வேற கம்பெனி. நம்பர் சரியா இருந்தா எம்பரிவாகன் செயலியில போட்டு எந்தக் கம்பெனி, எந்தத் தேதி வரைக்கும்னு பார்க்கலாம். புகார் குடுத்தவங்களுக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். கேட்டு வாங்குங்க.

கார் நிக்காமப் போயிட்டா, நம்பரும் தெரியலைன்னா? அதுக்கும் வழி இருக்கு. 2022 ஏப்ரல்ல இருந்து உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம் அரசுத் திட்டத்துல உண்டு. மனுவை வருவாய்த் துறை அதிகாரிகிட்ட குடுக்கணும்.

ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு புரோக்கர் வந்தார். "கேஸை நான் பார்த்துக்கறேன், வர்றதுல பாதி"ன்னார். நான் கோர்ட்டு வளாகத்துல இருக்கிற வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போனேன். பொம்பளைங்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் தர 1987ஆம் வருஷச் சட்டத்துல இடம் இருக்கு. போன்ல கேட்கணும்னா 15100. மனு அடிபட்டவர் பேர்லதான் போகும், ஆனா என்னென்ன பேப்பர் வேணும்னு அங்கதான் தெளிவாச் சொன்னாங்க. விபத்து நடந்து 6 மாசத்துக்குள்ள தீர்ப்பாயத்துல மனு போடணும்னு சட்டத்துல இருக்கு. "கால் சரியாகட்டும், அப்புறம் பார்ப்போம்"னு இருக்கக் கூடாது.

நான் ஒரு மஞ்சப்பைக்குள்ள எல்லாத்தையும் போட்டு வச்சேன். மருந்து பில், ஆட்டோ செலவுச் சீட்டு, எக்ஸ்ரே, எங்க வண்டி ரிப்பேர் பில், அவரோட நல வாரிய அட்டை. அந்த அட்டைதான் கொத்தனார்ங்கிறதுக்குச் சாட்சி ஆச்சு. நடுவுல கம்பெனியில இருந்து விசாரிக்க ஒருத்தர் வந்து, எழுதாத பேப்பர்ல கையெழுத்துக் கேட்டார். "எழுதுங்க, படிச்சுட்டுப் போடறேன்"னேன். அவர் திரும்பி வரவே இல்லை.

முதல்ல ஒரு லட்சத்து எண்பதாயிரம் தர்றதாச் சொன்னாங்க. ஒத்துக்கல. 2025ல மக்கள் நீதிமன்றத்துல நாலு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு முடிஞ்சது. குழுவுல வாங்கின உள்கடனை முதல்ல அடைச்சேன். அவர் இப்போ வேலைக்குப் போறார், சாரம் ஏறுறது மட்டும் இல்லை.

இன்னொண்ணு. அடிபட்டது நீங்களா இருந்து "தொழில் என்ன?"ன்னு கேட்டா, "சும்மா வீட்டுலதான்"னு சொல்லிடாதீங்க. டெல்லியில மோட்டார் சைக்கிள்ல போன கணவன் மனைவி கார் மோதி இறந்துபோன வழக்குல, வீட்டு வேலைக்கும் மதிப்புப் போட்டு இழப்பீடு குடுக்கணும்னு 2021ல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. பால் ஊத்துறவங்க சொசைட்டி பாஸ்புக்கைப் பத்திரமா வைங்க.

நம்ம வண்டிப் பேப்பரையும் பாருங்க. ஓனரே ஓட்டும்போது அடிபட்டா 15 லட்சம் வரைக்கும் விபத்துக் காப்பீடு உண்டு. அதுக்கு லைசென்ஸ் இருக்கணும், அந்தப் பிரீமியமும் கட்டியிருக்கணும். வண்டி உங்க பேர்ல இருந்து வீட்டுக்காரர் ஓட்டினா, அது அவருக்குச் செல்லாது. எங்க தெருவுல நாலு வீட்டு வண்டி அப்படித்தான் இருந்துச்சு.

சாப்பாட்டுக்கு அப்புறம் நான் வேப்பமரத்தடியிலதான் இருப்பேன். இன்சூரன்ஸ் பேப்பர் போன்ல இருந்தாக் கொண்டாங்க, தேதியும் நாமினி பேரும் சேர்ந்து பார்ப்போம்.