அடித்தல் திருத்தல்களின் கருவூலம்



'நூலகமும் இலக்கியமும்' என்னும் பரந்த தலைப்பை எனக்கு அளித்துள்ளீர்கள். ஒரே ஒரு நூலகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில், ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், ஆங்கிலப் பேராசிரியர் ஹாரி ரான்சம் 1957-இல் தோற்றுவித்த ஆய்வு நூலகம் அது. இன்று அவர் பெயராலேயே ரான்சம் மையம் என வழங்குகிறது. அருங்காட்சியகமும் அதனுள்ளேயே அமைந்திருக்கிறது.

எண்ணெய்க் கிணறுகள் தந்த பொருட்செல்வம் அப்பல்கலைக்கழகத்திற்கு உண்டு. பழமையான பல்கலைக்கழகங்களுக்கு வாய்த்த நூற்செல்வம் இல்லை. ஆகவே ரான்சம் தம் காலத்து எழுத்தாளர்கள்பால் கண்ணைத் திருப்பினார். அச்சேறிய நூலோடு நில்லாமல், வரைவுகள், கடிதங்கள், மெய்ப்புத் தாள்கள் ஆகியவற்றையும் தேடி வாங்கினார். இன்று அங்கே 4 கோடிக்கு மேற்பட்ட கையெழுத்துத் தாள்களும் 10 இலட்சத்தை நெருங்கும் நூல்களும் 50 இலட்சம் ஒளிப்படங்களும் உள்ளன.

காண வருவோர் முதலில் நாடுவது 1978-இல் வாங்கப்பெற்ற குட்டன்பர்க் விவிலியத்தையும், பிரான்சு நாட்டு நியெப்சு 1820-களின் பிற்பகுதியில் தம் வீட்டுச் சாளரத்திலிருந்து உலோகத் தகட்டில் பதித்த காட்சியையுமே. ஒளிப்படக் கருவியால் எடுக்கப்பெற்று எஞ்சியவற்றுள் அதுவே மிகப் பழையது. கண்காட்சிகள், ஆய்வு நல்கைகள், பழுது நீக்கும் பணிகள் எனப் பிற அலுவல்களும் பல. 'கான் வித் தி விண்ட்' திரைப்படத்தின் உடைகளைச் செப்பனிட 2010-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். திரைப்பட மோகம் நமக்கு மட்டும் உரியதன்று போலும்!

என் உள்ளத்தை ஈர்த்தது படிப்பறைதான். அங்கே பேனாவுக்கு அனுமதி கிடையாது. பென்சிலால்தான் குறிப்பெடுக்க வேண்டும். கொலம்பிய நாட்டு எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 2014-இல் மறைந்தார். அவ்வாண்டே அவருடைய தாள்களை 22 இலட்சம் டாலருக்கு இம்மையம் வாங்கியது. 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலின் குறிப்புகளைத் தாமும் மனைவியாரும் கிழித்தெறிந்துவிட்டதாகச் சொன்னவர் அவர். தம் தச்சு வேலையைப் பிறர் காணலாகாது என்பது அவர் எண்ணம். காலம் அவருக்கு மாறாகத் தீர்ப்பளித்தது. அந்நாவலின் திருத்தப்பெற்ற தட்டச்சுப் படி இன்று ஆஸ்டினில் இருக்கிறது. 2017-இல் அவர் தாள்களுள் 27,000 பக்கங்களுக்குமேல் இணையத்தில் எவரும் காணுமாறு வைக்கப்பட்டன.

இங்கே ஒரு வழக்கு எழுகிறது. நினைவு மங்கிவந்த நாளில் எழுதிய இறுதி நாவலை அழித்துவிடுமாறு அவர் மைந்தர்களிடம் கூறியிருந்தார். அதன் வரைவுகள் ரான்சம் மையத்தில் ஆய்வாளர் கைக்கு எட்டின. 2024-இல் மைந்தர்கள் அதை நூலாக்கினர். வரைவைக் காத்தது சரி. முடிந்த படைப்பெனக் கடைக்கு அனுப்பியது சரியன்று என்பேன். வரைவை வரைவாகவே படிக்கும் இடம் ஆய்வறை. நீங்கள் உடன்படாது போகலாம், கவிஞர்கள் அல்லவா!

மற்றொன்று: அவர் தாள்கள் தாயகம் விட்டுச் சென்றதில் கொலம்பியாவில் வருத்தம் எழுந்தது; அது நியாயமான வருத்தம். கோட்டையூர் ரோஜா முத்தையா 1992-இல் மறைந்தபின் அவர் திரட்டிய நூல்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1994-இல் வாங்கியது. ஆனால் அந்நூல்கள் கடல் கடக்கவில்லை. சென்னையில் ஆய்வு நூலகமாயின. பணம் அயலிலிருந்து வரினும் ஏடு மொழியருகே இருத்தல் கூடும் என்பதற்கு அது சான்று.

மார்க்கேசின் கணிப்பொறிகள் ஐந்தையும் ஆஸ்டினில் வைத்திருக்கிறார்கள். இன்று நம்மில் பலர் கைபேசியிலேயே கவிதை எழுதி, அதிலேயே சொல்லை அழித்து, வேறு சொல்லை இடுகிறோம். அழித்த சொல் எங்கும் இல்லை. நம் மன்றத்தின் பத்தாண்டுக் கவியரங்கக் கவிதைகள் அச்சில் உள்ளன. கைப்படிகள் யாரிடமும் இல்லை. செயலாளர் அவர்களிடம் ஒரு பெட்டி கேட்டிருக்கிறேன்; இசைந்துள்ளார். அடுத்த அரங்கு முதல், படித்து முடித்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வையாமல், அடித்தல் திருத்தலோடு, நாளிட்டு, அப்பெட்டியில் இட வேண்டுகிறேன்.