கைப்பேசியும் இரத்தக் கொதிப்பும்

மும்பை சத்ரபதி சிவாஜி மகராஜ் ரயில் முனையத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொழில் நகரம் அம்பர்நாத். தாராவி, மாதுங்கா, செம்பூர் பகுதிகளைப் போலவே இந்நகரிலும் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றியுள்ளன. அதிகாலையில் மின்ரயில் ஏறி இரவில் வீடு திரும்பும் உழைப்பாளிக்கு, உடல் நலிந்தபோதே மருத்துவரைக் காண நேரம் கிடைப்பதில்லை. நலமாக இருப்பதாகத் தோன்றும்போது யார் காணச் செல்வர்? மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்கும் முயற்சியில் முதன்மையான இடர்ப்பாடு இதுவே.

இவ்விரு நோய்களுக்கும் வித்திடும் காரணங்களுள் தலையாயது இரத்தக் கொதிப்பு. பெரும்பாலும் அது எவ்வித அறிகுறியும் காட்டுவதில்லை. அளந்து பார்த்தாலன்றித் தெரியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடைபெற்று, 2023-இல் வெளியான ஆய்வு, வயது வந்தோரில் 35.5 சதவீதத்தினருக்கு இக்கோளாறு இருப்பதாக மதிப்பிட்டது. எண்ணிக்கையில் இது சுமார் 31.5 கோடி.

நோயைக் கண்டறிவது ஒரு படி. மருந்தை இடைவிடாது உட்கொள்ளச் செய்வது அதனினும் கடினமான படி. இதற்கெனவே 2017-இல் இந்திய இரத்தக் கொதிப்புக் கட்டுப்பாட்டு முயற்சி தொடங்கப்பட்டது. மத்திய சுகாதார அமைச்சகம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசுகள், உலக சுகாதார நிறுவனம் ஆகியவை இதில் இணைந்தன. முதற்கட்டத்தில் தேர்வான ஐந்து மாநிலங்களுள் மகாராஷ்டிரமும் ஒன்று.

இம்முயற்சியில் கையாளப்பட்ட கருவிகளுள் ஒன்று, ‘சிம்பிள்’ என்னும் கைப்பேசிச் செயலி. இது நோயாளியின் கையில் இருப்பதன்று. செவிலியரின் கையில் இருப்பது. நோயாளி வந்தவுடன் அவரது அட்டையிலுள்ள குறியீட்டைக் கைப்பேசியால் படித்து, அன்றைய இரத்த அழுத்தத்தையும் கொடுத்த மருந்தையும் செவிலியர் பதிவு செய்கிறார். இணையத் தொடர்பு இல்லாத வேளையிலும் பதிவு நடைபெறும். குறித்த நாளில் வராதவர்களின் பட்டியலைச் செயலியே தருகிறது. அவர்களுக்குத் தொலைபேசியில் நினைவூட்டலாம். அழுத்தம் 140/90-க்குக் கீழ் எத்தனை பேருக்கு வந்துள்ளது என்பதை மாவட்ட அதிகாரி அறிந்துகொள்ள இயலுகிறது. பேரேடுகளைப் புரட்டிக் கணக்கெடுத்த காலத்தில் இது எளிதாக இருக்கவில்லை.

எனினும் செயலி மட்டுமே நோயைத் தீர்க்கும் என எண்ணுவது தவறு. எளிய சிகிச்சை நெறி, தட்டுப்பாடற்ற மருந்து, பணிகளைப் பகிர்ந்துகொள்ளும் குழு, இருப்பிடத்தின் அருகிலேயே சிகிச்சை ஆகிய நான்குடன் சேர்ந்த ஐந்தாவது அங்கமே தகவல் பதிவு. 2022-இல் இத்திட்டம் 23 மாநிலங்களில் 130-க்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு விரிவடைந்தது. 34 லட்சத்திற்கும் அதிகமானோர் சிகிச்சை பெற்றனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அழுத்தம் கட்டுப்பட்டது. ஐக்கிய நாடுகள் விருதும் அவ்வாண்டே கிட்டியது.

எதிர்மறையான படிப்பினையும் உண்டு. ஹரியானா, கர்நாடக மாநிலங்களின் 40 சமுதாய சுகாதார நிலையங்களில், மருத்துவருக்குச் சிகிச்சை ஆலோசனை வழங்கும் ‘எம்வெல்கேர்’ என்ற மென்பொருள் சோதிக்கப்பட்டது. அது பயன்பட்ட இடங்களிலும் பயன்படாத இடங்களிலும் இரத்த அழுத்தம் குறைந்தது. இரண்டிற்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2019-இல் முடிவு வெளியாயிற்று. கருவியை வாங்கிவிட்டால் பணி முடிந்தது எனக் கருதும் நிர்வாகத்திற்கு இது தக்க எச்சரிக்கை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மற்றொரு வழியைக் காட்டுகிறது. அங்குப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று அழுத்தத்தை அளக்கின்றனர், மாத்திரை வழங்குகின்றனர். மனித உறவே அத்திட்டத்தின் முதுகெலும்பு. பதிவுக் கருவி அதற்குத் துணை.

நோயாளி தம் கைப்பேசியில் வைத்திருக்கும் செயலிகளாலும் பயன் உண்டு. மாத்திரை வேளையை அவை நினைவூட்டும். வீட்டில் அளந்த அளவுகளைத் தொகுத்து வைக்கும். ஆனால் கையில் பட்டை கட்டி அளக்கும் கருவிக்கு, விரலைக் கைப்பேசியின் கேமராவில் வைத்துப் பார்ப்பது ஈடாகாது. செயலி காட்டும் எண்ணை நம்பி மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ செயலியைத் திறக்கும் நேரமன்று அது. 108-ஐ அழைக்கும் நேரம். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும்.

அம்பர்நாத் போன்ற நகரங்களுக்கு இரு தேவைகள் தனியே உள்ளன. முதலாவது மொழி. மராத்தியிலோ ஆங்கிலத்திலோ வரும் நினைவூட்டல், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த முதியவருக்குப் பயன் தராது. இரண்டாவது தொடர்ச்சி. கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலி செல்லும் குடும்பத்தின் மருந்து, ஊர் மாறியதும் அறுபடக் கூடாது. 14 இலக்கச் சுகாதார அடையாள எண், நோயாளியின் இசைவுடன் பதிவுகளை மாநிலம் கடந்து கொண்டுசெல்வதற்காகவே வகுக்கப்பட்டது. அது நடைமுறையில் பயன்பட இரு மாநில மருத்துவமனைகளும் பதிவுகளை ஒழுங்காக இணைக்க வேண்டும்.

ஆகவே, எத்தனை பேர் செயலியைப் பதிவிறக்கினர் என்பது வெற்றியின் அளவுகோலாகாது. எத்தனை பேர் அடுத்த மாதமும் மருந்து வாங்க வந்தனர், எத்தனை பேரின் அழுத்தம் அடங்கியது என்பவையே அதிகாரிகள் கேட்க வேண்டிய கேள்விகள். அக்கேள்விகளுக்கு விடை தேடும் களப்பணியில் மாணவர்களும் பங்கேற்பின், கைப்பேசி உழைப்பாளியின் உயிர்காக்கும் துணையாக அமையும்.