அறிகுறி இல்லாதவர்களிடம் ஹெபடைடிஸ் சி

ஹெபடைடிஸ் சி வைரஸ் தொற்றிய பத்துப் பேரில் எட்டுப் பேருக்குத் தொடக்கத்தில் எதுவுமே தெரிவதில்லை. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, மஞ்சள் காமாலையும் இல்லை. அந்தப் பத்துப் பேரில் ஏறத்தாழ மூன்று பேரின் உடல், மருந்தே இல்லாமல், ஆறு மாதத்துக்குள் வைரஸை விரட்டிவிடுகிறது. மற்ற ஏழு பேரின் கல்லீரலில் அது தங்கிவிடுகிறது. தங்கிய பிறகும் அவர்கள் வயலுக்குப் போகிறார்கள், அலுவலகம் போகிறார்கள், பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அப்படிப்பட்டவர்களில் 15 முதல் 30 விழுக்காட்டினருக்கு 20 ஆண்டுகளுக்குள் கல்லீரல் சுருங்கிப்போகிறது. சிலருக்கு அது புற்றுநோயாகவும் மாறுகிறது.

இத்தனை ஆண்டுகள் உடம்பு ஏன் காட்டிக்கொடுப்பதில்லை? கல்லீரலின் உட்புறத்தில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. பெரும்பகுதி பழுதானாலும் மிஞ்சிய பகுதியைக் கொண்டே அது வேலையை நடத்திவிடும். வழக்கமான கல்லீரல் பரிசோதனையில் என்சைம் அளவுகூடப் பலருக்குச் சரியாகவே இருக்கும். ஆகவே நோயாளிகளை மட்டும் எண்ணினால் இந்தத் தொற்றின் அளவு தெரியாது. நலமாக இருப்பவர்களின் ரத்தத்தையும் பார்த்தாக வேண்டும். 2022இல் உலகில் 5 கோடிப் பேருக்கு இந்தத் தொற்று இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்தது. அவர்களில் 36 விழுக்காட்டினருக்கு மட்டுமே அது கண்டறியப்பட்டிருந்தது.

நலமாக இருப்பவர்களையும் சோதிக்கும் இந்த வேலையை ஒரு நாடு முழுமைக்கும் செய்து காட்டியது எகிப்து. அங்கே இந்தத் தொற்று பரவிய கதை பழையது. நைல் கரையின் உழவர்களை நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா புழுநோய் வாட்டியது. அதை ஒழிக்க 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை அரசு ஊர் ஊராகப் போய் ஊசி போட்டது. கண்ணாடி ஊசிக்குழல்கள் சரிவரக் கிருமிநீக்கம் செய்யப்படாமலே கை மாறின. ஹெபடைடிஸ் சி வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதே 1989இல்தான். அப்படியொன்று இருப்பது அந்த மருத்துவப் பணியாளர்களுக்குத் தெரிய வழியில்லை. நல்லெண்ணத்தோடு நடந்த ஒரு பெரும்பணி, ஒரு நோயைத் தீர்க்கப் போய் இன்னொன்றைப் பரப்பியது. இந்தத் தொற்றை ஒழுக்கக்கேட்டின் அடையாளமாகப் பார்ப்பது எவ்வளவு பெரிய அநீதி என்பதற்கு அந்த உழவர்களே சான்று.

2008இல் நடந்த ஆய்வில், 15 முதல் 59 வயது வரையிலான எகிப்தியரில் 14.7 விழுக்காட்டினரின் ரத்தத்தில் இந்த வைரஸுக்கான ஆன்டிபாடி (எதிர்ப்பொருள்) காணப்பட்டது. உலகில் மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. 2018 அக்டோபரில் நாடு தழுவிய பரிசோதனை தொடங்கியது. ஏழே மாதங்களில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் கொடுத்தார்கள். 22 லட்சம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. ஆன்டிபாடி இருப்பதாலேயே நோய் இருப்பதாகாது. குணமானவர்களிடமும் அது நீடிக்கும். எனவே வைரஸே இருக்கிறதா என்று இரண்டாவது சோதனை நடந்தது. தொற்று உறுதியானவர்களுக்கு அரசு இலவசமாக மருந்து தந்தது.

அமெரிக்காவும் மெல்ல அதே முடிவுக்கு வந்தது. 1945 முதல் 1965 வரை பிறந்த அனைவரும் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும் என்று 2012இல் சொன்ன அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம், 2020இல் வயதுவந்த எல்லோருக்கும் அதை விரிவாக்கியது.

இப்படித் தேடுவதற்குப் பொருள் உண்டு. தடுப்பூசி இன்னும் இல்லை. ஆனால் 2013 முதல் வந்த மாத்திரைகள், பெரும்பாலும் 12 வாரங்களில், நூற்றில் 95 பேருக்குமேல் வைரஸை அடியோடு நீக்குகின்றன. இந்தியாவில் 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இந்தச் சோதனையும் மருந்தும் இலவசம். ரத்த வங்கிகளில் இந்தச் சோதனை கட்டாயமாவதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், ஒரே ஊசியைப் பலருக்குப் போட்ட இடத்தில் மருத்துவம் பார்த்துக்கொண்டவர்கள், பச்சை குத்திக்கொண்டவர்கள், தொற்றுள்ள தாய்க்குப் பிறந்தவர்கள் ஆகியோர் உடல்நலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டியவர்கள். ஒருமுறை குணமானவருக்கும் மீண்டும் தொற்றலாம் என்பதால், தொற்றும் ஆபத்து தொடரும் நிலையில் உள்ளவர்களுக்குச் சோதனையும் தொடர வேண்டும்.