இடாப்பில் எல்லாப் பெயரும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழா மதியபோசன ஒன்றுகூடலில், 1994 சாதாரணதர வகுப்பைச் சேர்ந்த வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அக்கா என்னை அழைத்தபோது, "நீர் டொக்டர்தானே, நீரிழிவைப் பற்றி ஒரு பத்து நிமிசம் கதையும்" என்றார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னர் நீரிழிவைப் பற்றிக் கதைத்தால் பாயாசம் அப்படியே மிஞ்சிவிடும் என்று பயந்து, வேறொன்றைக் கதைக்க அனுமதி கேட்டேன். எங்கள் வகுப்பின் வட்ஸ்அப் குழுவைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன். உங்கள் ஒவ்வொருவரின் கைப்பையிலும் அப்படி ஒன்று இருக்கும். நான் கதைக்கும்போதும் அது அதிர்ந்துகொண்டிருக்கும்.

1994 டிசம்பரில் நாங்கள் சாதாரணதரப் பரீட்சை எழுதியபோது எங்கள் வகுப்பு இடாப்பில் 38 பெயர்கள் இருந்தன. 1990 க்குப் பிறகு மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகள் நாங்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள். அடுத்த வருடம் ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு என்ன நடந்தது என்று இந்த மண்டபத்தில் எவருக்கும் நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழைக்குள் நடந்தது. நானும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, புத்தகப் பையை வயிற்றோடு அணைத்தபடி நடந்தேன்.

தென்மராட்சியில் நாங்கள் தங்கிய வீட்டுக் கிணற்றடியில் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ தண்ணீர் அள்ள வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் வாளியோடு எங்கள் வகுப்பு மொனிற்றர் நின்றாள். இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம். அழுது முடித்ததும் அவள் செய்த முதல் வேலை, தான் கண்டவர்களின் பெயர்களைச் சொன்னதுதான். "கைதடியிலை மூண்டு பேரைக் கண்டனான். கொடிகாமத்திலை ரெண்டு பேர். நீ ஆரைக் கண்டனி?" நான் கண்ட நால்வரைச் சொன்னேன். அவள் அதை ஒரு கொப்பி ஒற்றையில் எழுதிக்கொண்டாள். யார் என்ன படிக்கிறார்கள், யாருடைய வீடு என்ன ஆனது என்று அவள் கேட்கவில்லை. இருக்கிறார்களா, எங்கே இருக்கிறார்கள் என்பதை மட்டுமே கேட்டாள். அந்த நாட்களில் எங்களுக்குச் செய்தி என்றால் அவ்வளவுதான்.

1996 இல் திரும்பி வந்து பாடசாலை தொடங்கியபோது வகுப்பில் 21 பேர் இருந்தோம். மற்றவர்கள் வன்னிக்கும் கொழும்புக்கும் அங்கிருந்து உலகத்தின் மூலைகளுக்கும் போய்விட்டார்கள். ஒருவரையொருவர் மீண்டும் கண்டுபிடிக்க எங்களுக்கு இருபது வருடங்கள் எடுத்தன. அந்தக் குழுவைத் தொடங்கியவளும் அதே மொனிற்றர்தான். இன்று அதில் 31 பேர் இருக்கிறோம்.

முதல் ஒரு வருடம் எங்களுக்குத் திருவிழா. எவள் கிழவியாகியிருக்கிறாள், எவள் அப்படியே இருக்கிறாள் என்பதே பெரிய ஆராய்ச்சி. பிறகு செய்திகள் வரத் தொடங்கின. நாற்பத்தைந்து வயதில் வங்கியில் சுயவிருப்ப ஓய்வு பெற்ற ஒருத்தி, முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தேத்தண்ணீர்க் கோப்பையின் படத்தைப் போட்டு எங்கள் எல்லோர் வயிற்றெரிச்சலையும் வாங்கிக்கொண்டாள். ஆசிரியைகளாக இருக்கும் தோழிகள், தாங்கள் இன்னும் பென்சனுக்குக் காத்திருக்க வேண்டுமே என்று பெருமூச்சு விட்டார்கள். 2022 இல், அரசாங்க உத்தியோகத்தர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போகலாம் என்று வந்தபோது, அவர்களில் ஒருத்தி பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனாள். பத்தொன்பது வயதில் கலியாணம் செய்து வைக்கப்பட்ட ஒருத்தி இப்போது பேத்தியின் படம் போடுகிறாள். இன்னொருத்தியின் மகள் எங்கள் பழைய வகுப்பறையில், அதே யன்னலோரத்தில் இருந்து படிக்கிறாள். 2014 இல் யாழ்தேவி திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தபோது, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கிய ஒருத்தி ஸ்ரேசனில் நின்று அழுத வீடியோவை நாங்கள் எத்தனை தரம் பார்த்திருப்போம்!

இவை எல்லாம் நல்ல செய்திகள். நல்ல செய்திகள் சேரச் சேர, சிலர் அமைதியானதை நாங்கள் கவனிக்கவில்லை.

ஒரு மாதம் மூன்று பட்டமளிப்புப் படங்கள், ஒரு புது வீடு, ஒரு சுவிற்சலாந்துப் பயணம். அதே கிழமையில் ஒருத்தி ஒரு வார்த்தையும் சொல்லாமல் குழுவிலிருந்து விலகினாள். கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறாள். 2009 இல் கணவரைத் தொலைத்தவள். மொனிற்றர் உடனே தொலைபேசி எடுத்தாள். "எனக்குப் போட ஒண்டும் இல்லையடி. நீங்கள் சுவிஸ் மலையைப் போடேக்கை நான் என்னத்தைப் போடுறது? என்ரை ஆட்டுக்குட்டியையோ?" என்று அவள் கேட்டிருக்கிறாள். "ஆட்டுக்குட்டியைப் போடடி" என்றாள் மொனிற்றர். இன்று எங்கள் குழுவில் அதிகம் விருப்பம் விழுவது அந்த ஆடுகளுக்குத்தான். ஒவ்வொரு குட்டிக்கும் நாங்கள்தான் பெயர் வைக்கிறோம். ஒரு கிடாய்க்கு என் பெயரின் பாதியை வைத்திருக்கிறார்கள். அதை இங்கே சொல்லமாட்டேன்.

அடுத்தது என்னுடைய பிழை. சம்பந்தப்பட்டவளிடம் கேட்டு, அவள் "சொல்லு, ஆனால் என்ரை பெயர் வேண்டாம்" என்று சொன்ன பிறகே சொல்கிறேன்.

இங்கிலாந்தில் இருக்கும் ஒரு தோழி, ஒரு நாள் எனக்குத் தனியாக எழுதினாள். "எடியே, ஒரு சின்ன விசயம் கேக்கோணும். நேரம் இருக்கேக்கை சொல்லு." அன்று கிளினிக்கில் என் மேசைக்கு வெளியே வரிசை வாசல் வரை நின்றது. ஒரு கட்டைவிரல் அடையாளத்தைப் போட்டு, "பிறகு எடுக்கிறன்" என்று எழுதினேன். பிறகு எடுக்கவில்லை. மறந்துவிட்டேன். அவளும் திரும்பக் கேட்கவில்லை. குழுவில் எடின்பரோ போன படம் போட்டாள், மகனின் பிறந்தநாள் கேக் போட்டாள். நானும் அவற்றுக்கெல்லாம் விருப்பம் போட்டேன்.

ஐந்து மாதங்களுக்குப் பிறகு இரவில் அழைத்தாள். குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கையில் பட்டதாம். இப்போது கமக்கட்டிலும் ஒன்று. நான் ஏன் நீ உடனே உன் டொக்டரிடம் போகவில்லை என்று கத்தினேன். அவள் சொன்ன பதில் என் காதில் இன்றும் இருக்கிறது. "முதல் உன்னட்டைக் கேட்டிட்டுப் போவம் எண்டு நினைச்சன். நீ பிசி. பிறகு நோவு இல்லைத்தானே எண்டு விட்டிட்டன். குழுவிலை கேக்க வெக்கமாக் கிடந்தது. எல்லாரும் சந்தோசமா இருக்கேக்கை இதை எப்பிடிப் போடுறது?"

அடுத்த நாளே போனாள். மார்பகப் புற்றுநோய்தான். கீமோ, சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை எல்லாம் முடித்து இன்று மாத்திரையோடு நன்றாக இருக்கிறாள். அந்த ஐந்து மாதம் முன்னர் போயிருந்தால் கமக்கட்டு வரை போயிருக்குமா என்று அவள் என்னைக் கேட்டதில்லை. வைத்தியராக எனக்கு அந்தக் கேள்வி தெரியும். அந்தக் கட்டைவிரல் அடையாளம் என் தொலைபேசியில் இன்னும் இருக்கிறது. நான் அழிக்கவில்லை.

அதன் பிறகு எங்கள் வகுப்பு ஒரு பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, யாழ்ப்பாணத்தில் இரவு ஏழு மணிக்கு மொனிற்றர் இடாப்புக் கூப்பிடுவாள். ரொறன்ரோவில் காலைக் கோப்பி நேரம், லண்டனில் பகல், சிட்னியில் நள்ளிரவு. அங்கிருப்பவள் அலாரம் வைத்து எழும்புகிறாள். பழைய இடாப்பின் ஒழுங்கிலேயே பெயர் வரும். பெயர் வந்ததும் "வந்திட்டன்" என்று எழுத வேண்டும். அதன் பிறகு சொல்ல விரும்பினால் மூன்று செய்திகள். முதலாவது உடம்பு, இரண்டாவது வீடு, மூன்றாவதுதான் பயணமும் படமும். சொல்ல ஒன்றும் இல்லாதவள் "வந்திட்டன்" என்பதோடு நிறுத்தலாம். எவரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆனால் பெயர் கூப்பிட்டு இரண்டு நாட்களாகப் பதில் வராவிட்டால், கிட்ட இருப்பவள் தொலைபேசி எடுப்பாள். அதற்கும் பதில் இல்லையென்றால் வீட்டுக்குப் போவாள்.

"உடம்பு முதலில்" என்ற அந்த ஒரு விதியால் என்ன நடந்தது தெரியுமா? முதல் மாதமே நான்கு பேர் தங்களுக்குப் பிரஷர் இருப்பதைச் சொன்னார்கள். அதில் இருவர் குளிசையைத் தாங்களாகவே நிறுத்தியிருந்தார்கள். இரவில் வியர்த்துக் கொட்டுகிறது, நித்திரை இல்லை, பிள்ளைகளோடு எரிந்து விழுகிறேன், எனக்குப் பைத்தியமோ என்று ஒருத்தி எழுதினாள். ஐந்து நிமிடத்தில் எட்டுப் பேர் "எனக்கும்" என்றார்கள். மாதவிடாய் நிற்கப்போகும் காலத்தில் இப்படி வரும், அதற்கும் மருந்துண்டு என்று எழுதினேன். நாற்பதைக் கடந்த எத்தனையோ பெண்கள் இதைத் தனியே சுமக்கிறார்கள்.

இந்த இடத்தில் வைத்தியரை இரண்டு நிமிடம் கதைக்க விடுங்கள். இலங்கையில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோயே முதலிடத்தில் இருக்கிறது. மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் எது எது என்பதைக் கையால் தடவி நீங்களும் சொல்ல முடியாது, தொலைபேசியில் நானும் சொல்ல முடியாது. நோவு இல்லை என்பது ஆறுதல் அல்ல. ஆரம்பத்தில் அது பெரும்பாலும் நோகாது. ஊரில் இருப்பவர்கள் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். பிரஷர், சீனி, மார்பகப் பரிசோதனை, கருப்பைக் கழுத்துப் பரிசோதனை எல்லாம் அங்கே இலவசம். 35 வயதிலும் 45 வயதிலும் கட்டாயம் வரச் சொல்கிறார்கள். அந்த வயதைத் தாண்டியவர்களும் வெட்கப்படாமல் குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள். சிகிச்சை தேவைப்பட்டால் தெல்லிப்பழையிலேயே இருக்கிறது, மகரகமவுக்கு ஓடத் தேவையில்லாத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களே, இங்கிலாந்தில் மமோகிராம் கடிதம் ஐம்பதை ஒட்டித்தான் வரும். அதற்கு முன்னர் கட்டி ஒன்று தட்டுப்பட்டால் கடிதத்துக்குக் காத்திருக்கக் கூடாது. அவுஸ்திரேலியாவிலும் ஒன்ராறியோவிலும் நாற்பதிலிருந்தே நீங்களாகக் கேட்டுச் செய்யலாம். நீரிழிவைப் பற்றி ஒரே ஒரு வசனம்: பாயாசம் குடியுங்கள், ஆனால் சீனி பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் நாளைக்குப் போய்ப் பாருங்கள். செயலாளர் அக்கா, உங்கள் தலைப்பும் முடிந்தது.

சங்கம் நூறு வருடமாக என்ன செய்திருக்கிறது என்பதை இந்த மலரின் மற்றப் பக்கங்கள் சொல்லும். கட்டடங்கள், புலமைப்பரிசில்கள், நூலகம். அவை எல்லாம் பாடசாலைக்குச் செய்தவை. அடுத்த நூறு வருடத்துக்கு ஒரு சிறிய வேண்டுகோளை வைக்கிறேன். ஒவ்வொரு வகுப்பும் தன் பழைய இடாப்பை எடுக்கட்டும். காரியாலயத்தில் இல்லாவிட்டால் ஞாபகத்திலிருந்து எழுதலாம். நாங்களும் அப்படித்தான் எழுதினோம். கிணற்றடியில் எழுதிய அந்தக் கொப்பி ஒற்றை மொனிற்றரிடம் இன்னும் இருந்தது. மாதத்தில் ஒரு நாள் இடாப்பைக் கூப்பிடுங்கள். பட்டம் பெற்றவளுக்கும் பேத்தி கண்டவளுக்கும் பென்சன் எடுத்தவளுக்கும் ஆட்டுக்குட்டி வளர்ப்பவளுக்கும் அதில் ஒரே அளவு இடம்தான் இருக்கும்.

எங்கள் 38 பெயர்களில் 31 பேர் பதில் சொல்கிறோம். இருவர் உயிரோடு இல்லை. அவர்கள் பெயரையும் மொனிற்றர் கூப்பிடுகிறாள். அந்த இரு பெயருக்கும் பிறகு ஒரு நிமிடம் எவரும் எதையும் எழுதுவதில்லை. ஐந்து பேரை இன்னும் காணவில்லை. 1994 சாதாரணதர வகுப்பில் எங்களோடு இருந்து, இந்த மலர் எங்கோ ஒரு நாட்டில் உங்கள் கையில் கிடைத்தால், சங்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். என்ன படித்தீர்கள், எங்கே வேலை, பிள்ளைகள் எத்தனை என்று எதுவும் வேண்டாம். "வந்திட்டன்" என்று எழுதினால் போதும்.

இங்கிலாந்துத் தோழி இன்று வரமுடியவில்லை. காலையில் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தாள். தன் பங்குப் பாயாசத்தையும் நான் குடிக்க வேண்டுமாம். எனக்கும் சீனி பார்த்து ஒரு வருடத்துக்கு மேல்தான் ஆகிறது. நாளைக்குப் பார்க்கிறேன், ரீச்சர்.