நீரும் பேரும்



சென்னை, கோவை, மதுரை முதலிய நகர்களின் பெருந்தெருக்களில் ‘ஸ்பா’ என்னும் பெயர்ப்பலகைகள் இன்று மலிந்து கிடக்கின்றன. காலையிற் சென்று மாலைக்குள் மீளும் வகையில் நீராட்டும், ஆவிக் குளிப்பும், எண்ணெய் தேய்ப்பும், களிமண் பூச்சும் அங்கே விலைக்குக் கிடைக்கின்றன. மெய்யெழுத்து மொழிக்கு முதலாதல் தமிழிலக்கணத்திற்கு ஒவ்வாது. அச்சொல்லின் முதலெழுத்தோ மெய், அம்மெய்யும் வடவெழுத்து. ஆகவே இவ்வுரையில் அஃது ‘இசுபா’ என்றே குறிக்கப்பெறும்.

இசுபா என்பது என்ன சொல்? பெல்சிய நாட்டின் கிழக்கே ஆர்தென் மலைக்காட்டுப் பகுதியில் உள்ள ஒரு சிறுநகரின் பெயர் அது. இரும்பு கரைந்த குளிர்நீர் ஊற்றுகள் அங்கே பல உள. நோயர் பலர் அந்நீரைப் பருகவும் அதில் ஆடவும் சென்றனர். 1717-ஆம் ஆண்டில் உருசியப் பேரரசன் பேதுருவும் அங்குச் சென்று நீர் பருகினான். இங்கிலாந்தில் ஆரோகேட்டு என்னும் ஊரில் 1571-இல் அதனையொத்த ஊற்றொன்றைச் சிலிங்சுபி என்பார் கண்டார். பின்னர், தீமொத்தி பிரைட்டு என்னும் மருத்துவர் அதனை ‘ஆங்கில இசுபா’ என்றழைத்தார். இவ்வாறு ஓர் ஊரின் பெயர் வேற்றூரின் ஊற்றுக்கு ஏறி, பின்னர் எல்லா ஊற்றுகளுக்கும் பொதுவாகி, இன்று ஊற்றே இல்லாத மாடிக்கட்டடத்திற்கும் பெயராகிவிட்டது.

ஆனால் இவ்வெளிய வரலாற்றை மறைத்து ஒரு கட்டுக்கதை உலவுகின்றது. நீரால் நலம் எனப் பொருள்படும் மூன்று இலத்தீன் சொற்களின் முதலெழுத்துகள் கூடியே இசுபா ஆயிற்று என்பது அக்கதை. உரோமர் தம் நீராட்டிடங்களை அவ்வாறு சுருக்கி வழங்கியதற்குச் சான்று ஒன்றும் இல்லை. ஊர்ப்பெயர் உயர்வுடைத்தன்று எனக் கருதி, ஆண்ட மொழியின் போர்வையைப் பிற்காலத்தார் அதன்மேற் போர்த்தினர்.

இத்தகைய போர்வையைத் தமிழர் நன்கறிவர். மறைக்காடு வேதாரணியம் ஆயிற்று. முதுகுன்றம் விருத்தாசலம் ஆயிற்று. மயிலாடுதுறை மாயூரம் ஆயிற்று. மயிலாடுதுறை என்னும் பெயர் 1982-இல் அரசாணையால் மீண்டது. மற்றவை இன்னும் மீளவில்லை. எனினும் ஒன்று கூறல் வேண்டும். பிறர் கட்டும் பொய்வேரை மறுப்போர் தாமும் பொய்வேர் கட்டலாகாது. இசுபா என்பதும் தமிழே என்று எவரேனும் மேடையேறி முழங்கின், அது தமிழ்த்தொண்டு ஆகாது. தமிழின் பெருமைக்குப் பிறர் பொருளைக் கவரவேண்டிய வறுமை இல்லை. மெய்யான வேரைக் காட்டுதலே சொல்லாய்வு. அதுவே மொழிஞாயிறு பாவாணர் போன்றார் தம் வாழ்நாளைச் செலவிட்ட துறைக்கு நன்றி செலுத்துதலும் ஆம்.

இனி, நீராட்டின் வரலாற்றைக் காண்போர்க்கு உரோமப் பேரரசு முதலில் தோன்றும். உரோம் நகரில் கரகல்லா என்னும் பேரரசன் கட்டிய நீராட்டு மாளிகை கி.பி. 216-இல் திறக்கப்பெற்றது, தியோக்கிலேத்தியன் கட்டியது கி.பி. 306-இல் நிறைவுற்றது. உடை களையும் அறை, தண்ணீர் அறை, இளவெந்நீர் அறை, கடுவெந்நீர் அறை என அவை பகுக்கப்பெற்றிருந்தன. செங்கற்றூண்களின்மேல் தளத்தைத் தூக்கி நிறுத்தி, அடியில் தீமூட்டி, வெப்பக் காற்றைத் தளத்தின்கீழும் சுவர்களின் உள்ளும் செலுத்தினர். நுழைவுக் கட்டணம் மிகச் சிறிது, எளியோரும் ஆடினர். ஆனால் தளத்தின்கீழ் அடுப்பெரித்துப் புகையுண்டவர் அடிமைகள். மேலே ஆடியவர் நலம் பெற்றனர். கீழே வெந்தவர்களின் பெயரும் எஞ்சவில்லை.

நீர்மருத்துவத்தின் உயர்வும் தாழ்வும் ஒரே ஆண்டில் உரோமில் வெளிப்பட்டன. கி.மு. 23-இல் பேரரசன் அகத்தசு கடும் நோயுற்றான். அந்தோனியசு மூசா என்னும் மருத்துவர் குளிர்நீர்ப் பண்டுவம் செய்தார், அரசன் பிழைத்தான், அடிமைக் குலத்தினின்று விடுதலை பெற்றவரான அம்மருத்துவர்க்குச் சிறப்புகள் குவிந்தன. அதே ஆண்டில் அரசனின் உடன்பிறந்தாள் மகன் மார்செல்லசு நோயுற்றான், அதே பண்டுவம் நடந்தது, அவன் இறந்தான். நீர் நன்மருந்தே, எல்லா நோய்க்கும் மருந்தன்று. இதனை மறைத்து விற்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர்.

இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள பாத் நகர் இவ்வரலாறு முழுவதற்கும் ஒரு கண்ணாடி. அங்கே மூன்று வெந்நீரூற்றுகள் உள. அவற்றுட் பெரியதினின்று ஏறத்தாழ 46 பாகை செல்சியசு வெப்பத்தில் நாள்தோறும் 11 இலக்கத்து 70 ஆயிரம் இலிட்டர் நீர் பொங்குகின்றது. உரோமர் வருமுன் அந்நிலத்தில் வாழ்ந்த பிரித்தானியப் பழங்குடியினர் அவ்வூற்றைச் சூலிசு என்னும் தாய்த்தெய்வத்தின் உறைவிடமாக வணங்கினர். கி.பி. 43-இல் படையெடுத்த உரோமர், சில பத்தாண்டுகளுள் அங்குக் கோயிலும் நீராட்டு மாளிகையும் எழுப்பினர். சூலிசைத் தம் தெய்வமாகிய மினர்வாவோடு இணைத்தனர். சூலிசின் நீர்கள் எனப் பொருள்படுமாறு ஊருக்கு இலத்தீனில் பெயரிட்டனர். தெய்வத்தின் பெயர் பிழைத்தது. அத்தெய்வத்தை அழைத்த மொழி என்னாயிற்று?

1979, 1980 ஆண்டுகளில் அகழ்ந்தபோது அவ்வூற்றிலிருந்து ஏறத்தாழ 130 சிறு தகடுகள் கிடைத்தன. ஈயத்திலும் ஈயக்கலவையிலும் ஆனவை அவை. நீராடச் சென்றவர் தம் உடையையும் காசையும் களவு கொடுத்து, கள்வனைத் தண்டிக்குமாறு தெய்வத்திற்கு எழுதிச் சுருட்டி எறிந்த முறையீடுகள் அவை. தொசிமேதிசு என்பான் ஒருவன், தன் கையுறை இரண்டைத் திருடியவன் அறிவையும் கண்களையும் இழக்கட்டும் என்று வேண்டியுள்ளான். இவை பேரரசரின் கல்வெட்டுகள் அல்ல; எளிய மக்களின் வயிற்றெரிச்சல். தம் சொந்தத் தெய்வத்திடம், தம் சொந்த மண்ணில், தம் சொந்த இழப்பைச் சொல்லும்போதும் அவர்கள் இலத்தீனிலேயே எழுதினர். ஓரிரு தகடுகள் மட்டுமே பிரித்தானியப் பழமொழியில் எழுதப்பட்டிருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். அவற்றின் பொருள் இன்றும் உறுதியாகத் தெளியவில்லை.

தமிழ்ப் பெருமக்களே! இதனை ஊன்றி எண்ணுதல் வேண்டும். தமிழ்க் கோயிலில் தமிழ்த் தெய்வத்தின்முன் தமிழன் தன் குறையைத் தன் மொழியில் கூறாது, பொருள் விளங்கா மொழியில் பிறர் கூறக் கேட்டு நிற்கும் நிலையை அத்தகடுகள் நினைவூட்டுகின்றன. ஒரு மொழி வாளால் மட்டும் வீழ்வதில்லை. தெய்வத்திடம் பேசுதற்கும், எழுத்தில் முறையிடுதற்கும், கடைப்பலகையில் பெயர் பொறித்தற்கும் தன் மொழி தகாது என்று அதற்குரியவனே எண்ணத் தொடங்கும் நாளில் அது வீழ்கின்றது. அப்பழமொழியின் கிளையாகிய வேல்சு மொழி மேற்கு மலைநாட்டில் ஒதுங்கிப் பிழைத்தது. அதன் மக்கள் நெடுங்காலம் போராடினர். வேல்சு நாட்டில் அம்மொழிக்கு 2011-இல் சட்டவழி ஆட்சிநிலை கிடைத்தது. பாத் நகரிலோ அதன் ஒலி அடங்கிப் பல நூற்றாண்டுகள் ஆயின. பின்னர் வந்த ஆங்கிலர் இலத்தீன் பெயரை நீக்கி, குளிப்பிடம் எனப் பொருள்படும் தம் தாய்மொழிச் சொல்லாலேயே ஊரை அழைத்தனர். பாத் என்பது அச்சொல்லே.

அந்நீர் யாருக்கு உரியது என்னும் வழக்கும் அவ்வூரில் நிகழ்ந்தது. ஏழை நோயர் விலையின்றி ஆடும் உரிமையை 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாடாளுமன்றச் சட்டம் தந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வுரிமை வழக்கிழந்தது. அக்காலத்தே பாத் நகர் செல்வர்களின் ஆடலரங்காகவும் சூதரங்காகவும் மாறியிருந்தது. ஆயினும் அற உள்ளம் கொண்டோர் பொருள் திரட்டி, வெளியூர் ஏழைகளுக்காக 1738-இல் ஒரு மருத்துவமனையை நிறுவினர். 1742-இல் அது திறக்கப்பெற்றது. வண்ணம் பூசுவோர், ஈயக்குழாய் வேலை செய்வோர் முதலிய தொழிலாளர் கைகால் செயலிழந்து அங்கு வந்தனர். அவர்களுட் பலர் நலமுற்றனர் என அம்மனையின் பதிவேடுகள் கூறுகின்றன. இதன் கரணியம் 1980-களில் ஆய்வால் விளங்கிற்று. கழுத்தளவு நீரில் நெடுநேரம் இருப்பின், நீரின் அழுத்தத்தால் உடலின் கீழ்ப்பகுதிக் குருதி மார்பை நோக்கி ஏறும், சிறுநீர் மிகும், உடலிற் படிந்த ஈயநஞ்சும் அதனோடு மிகுதியாக வெளியேறும். தெய்வத்தின் அருள் என்று நம்பியதும் சரி, ஊற்றிலுள்ள கனிமத்தின் மாயம் என்று விற்றதும் சரி, அடியில் இருந்தது நீரின் இயல்பான ஆற்றலே. அவ்வாற்றலுக்கு ஏழை, செல்வர் என்னும் வேறுபாடு தெரியாது.

ஆயினும் காவாத நீர் கொல்லும். 1978-இல் அந்நகரின் வெந்நீரில் நீந்திய சிறுமி ஒருத்தி, நீரில் வாழும் நுண்ணுயிரால் மூளை நோயுற்று இறந்தாள். குளங்கள் மூடப்பெற்றன, புதிய துளைக்கிணறு தோண்டித் தூய்மை உறுதி செய்தபின், 2006-இல்தான் பொதுமக்கள் மீண்டும் ஆடினர்.

நீர்மருத்துவத்தை உலகெங்கும் பரப்பியவர் அரண்மனை மருத்துவர் அல்லர். சிலேசிய மலையூராகிய கிராபென்பெர்க்கில் பிறந்த உழவர் மகன் பிரீசுநித்து (1799–1851) இளமையில் வண்டி ஏறி விலாவெலும்பு முறிந்தபோது, ஈரத்துணி கட்டித் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார். பின்னர் அவரை நாடி நோயர் திரண்டனர். அவர் கையாண்ட கடற்பஞ்சில் சூனியம் உண்டு எனப் பழிதூற்றினர். ஆய்ந்தபோது அதில் ஒன்றும் இல்லை. பவாரியாவில் நெசவாளர் மகனாகப் பிறந்த செபாசுதியன் நைப்பு (1821–1897) மாணவராயிருந்தபோது நெஞ்சகநோயுற்றார். செருமானிய மொழியில் ஆன் என்னும் மருத்துவர் எழுதிய பழைய நீர்மருத்துவ நூலொன்று அவர் கைக்கு எட்டியது. அதைப் படித்துத் தன்யூபு ஆற்றின் குளிர்நீரில் ஆடி நலமுற்றார். சமயக் குருவான பின் வோரிசோபென் சிற்றூரில் ஏழைகளுக்குப் பண்டுவம் செய்தார். 1886-இல் ‘என் நீர்மருத்துவம்’ எனப் பொருள்படும் தம் நூலை மக்கள் மொழியில் எழுதினார்; அது பன்மொழிகளிற் பெயர்க்கப்பெற்றது. இலத்தீன் மட்டுமே அறிவுமொழி என்று ஆன் எண்ணியிருப்பின், அந்நூலின் பயன் நெசவாளர் மகனுக்கு அவ்வளவு எளிதாகக் கிட்டியிராது. 1920-இல் வோரிசோபெனுக்கு அரசு சிறப்பு அடைமொழி தந்தது. குளிப்பு எனப் பொருள்படும் ‘பாது’ என்னும் செருமானியச் சொல்லே அவ்வடைமொழி. தாய்மொழிச் சொல்லையே பட்டமாக அணிதல் அந்நாட்டார் வழக்கு!

பின்லாந்தைக் காண்க. அந்நாடு 1809 வரை சுவீடனின் ஆட்சியிலும், அதன்பின் உருசிய ஆட்சியிலும் இருந்தது. ஆட்சிமொழியும் கல்விமொழியும் சுவீடியமே. 1863-இல்தான் பின்னிய மொழிக்கு நிகருரிமை தரும் ஆணை பிறந்தது. ஆனால் அவ்வுழவர் மக்கள் மரத்தாலான சிறுமனையில் கற்களைச் சுட்டு, நீர் தெளித்து, ஆவியில் வெதும்பும் தம் வழக்கத்தை விடவில்லை. ‘சவுனா’ என்னும் தம் சொல்லையும் விடவில்லை. தாய்மார் அங்கே மகப்பெற்றனர். இறந்தோரை அங்கே கழுவினர். ஏறத்தாழ 55 இலக்கம் மக்கள் வாழும் அந்நாட்டில் இன்று சவுனாக்கள் ஏறத்தாழ 30 இலக்கம். 2020-இல் ஒன்றிய நாடுகளின் பண்பாட்டு அமைப்பு அதனைத் தொட்டறியாப் பண்பாட்டு மரபுச்செல்வப் பட்டியலில் சேர்த்தது. ஆங்கிலரும் செருமானியரும் அச்சொல்லை அப்படியே கடன் கொண்டனர். தன் சொல்லைத் தானே மதித்த சிறு மக்களினத்தின் சொல்லை உலகமும் மதித்தது.

தமிழரிடம் சொல் இல்லையா? சித்த மருத்துவம் அகமருந்து 32, புறமருந்து 32 என வகுத்தது. எண்ணெய் தேய்த்து உடலைப் பிடித்தல் தொக்கணம். ஆவி பிடித்தல் வேது. சூடுபடுத்தி ஒற்றுதல் ஒற்றடம். அரைத்து அப்புதல் பற்று. இசுபாவின் விலைப்பட்டியலில் ஆங்கிலத்தில் அச்சாகும் இனங்களுட் பல, இந்நாட்டு மருத்துவர் நாவில் நெடுநாள் வழங்கிய சொற்களே. செய்கையைத் தமிழன் இழக்கவில்லை; அதன் பெயரை இழந்தான். பெயரை இழந்தமையால் அதனையே அயலான் பொருள் என்று நம்பி மிகுவிலை கொடுக்கின்றான்.

எனவே செய்யத்தக்கன மூன்று. ஒன்று: இசுபா நடத்துவோர் ‘நீராட்டு நலமனை’ என்றோ, அதனினும் சிறந்த சொல்லாலோ தமிழில் பெயரிடுதல் வேண்டும், உள்ளே தொக்கணம், வேது, ஒற்றடம் என்றே எழுதுதல் வேண்டும். கேட்போர் கேட்டால் வணிகர் எழுதுவர். இரண்டு: தீராத நோயைத் தீர்ப்பதாகக் கூறும் பொய் விளம்பரத்தைத் தமிழிலும் ஒப்பலாகாது. பொய்யைத் தூய தமிழில் எழுதினும் பொய்யே. மூன்று: நலம் தரும் நீர் எல்லார்க்கும் உரியதாதல் வேண்டும். சென்னை அரும்பாக்கத்தில் 2000-இல் தொடங்கிய அரசு இயற்கை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனை போன்றவை ஊர்தோறும் பெருகுதல் வேண்டும்.

இம்மூன்றாவதைக் கூறும்போது தமிழர் தலைகுனிந்து எண்ணவேண்டியது ஒன்று உண்டு. ஊர்க் குளத்தில் ஒரு சாரார் இறங்கலாகாது என்று தடுத்த கொடுமை இந்நாட்டிலும் நடந்தது. 1927-இல் மராட்டியத்து மகாது ஊரில் அண்ணல் அம்பேத்கர் பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகியே உரிமையை நிலைநாட்ட வேண்டியிருந்தது. குற்றால அருவி தன்கீழ் நிற்பவனின் பிறப்பைக் கேட்பதில்லை, பணப்பையையும் பார்ப்பதில்லை. அதன் அறத்தை மாந்தர் கற்றல் வேண்டும். நீரைப் பொதுவாக்குக! பேரைத் தமிழாக்குக!

வெல்க தமிழ்!