பிள்ளை நிற்கும் படியிலிருந்து

மும்பை மாநகராட்சிப் பள்ளிகள் மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் என எட்டு மொழிகளில் பாடம் நடத்துகின்றன. இத்தனை மொழிகளில் பிள்ளைகளுக்குக் கல்வி தரும் நகராட்சி உலகில் அரிது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்து தாராவியில் குடியேறியவர்களின் கொள்ளுப்பேரப்பிள்ளைகள் இன்றும் அ, ஆ எழுதிப் பழகுவது அந்தத் தமிழ்ப் பிரிவுகளில்தான். மாட்டுங்காவில் குடியேறிய படித்த தமிழ்க் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே பள்ளி கண்டன. தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே 1932இல் பிறந்தது. உடல் உழைப்பை மட்டுமே முதலாகக் கொண்டு வந்த குடும்பத்துக்கு மாநகராட்சிப் பள்ளியை விட்டால் வேறு கதி இல்லை. அந்தப் பள்ளி தோற்றால் தோற்பது அந்தக் குடும்பம்தான்.

தோல்வி எங்கே தொடங்குகிறது? பத்தாம் வகுப்புத் தேர்வில் அன்று, இரண்டாம் வகுப்பிலேயே. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை மூன்றாம் வகுப்புக்குப் போகிறது. அங்கே பாடநூல் பத்தி பத்தியாகப் பேசுகிறது. ஆசிரியருக்குப் பாடத்திட்டத்தை முடித்தாக வேண்டிய கட்டாயம். முன்வரிசைப் பிள்ளைகளோடு பாடம் நகர்ந்துவிட, பின்வரிசைப் பிள்ளை கரும்பலகையைப் பார்த்து எழுத்துகளைப் படம்போல வரைந்துகொண்டிருக்கிறது. நோட்டு நிறைகிறது, வாசிப்பு வரவில்லை.

தாராவியில் இதற்கு மேலும் காரணங்கள் உண்டு. ஒற்றை அறை வீட்டில் உட்கார்ந்து படிக்க ஒரு மூலை கிடையாது. பல வீடுகளில் பள்ளிக்குப் போன முதல் தலைமுறை அந்தப் பிள்ளைதான். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி. மகாராஷ்டிரத்தின் 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாப் பள்ளியிலும் மராத்தி கட்டாயப் பாடம். ஒரு மொழியில் வாசிப்பு உறுதிப்படும் முன்பே தமிழ், மராத்தி, ஆங்கிலம் என மூன்று மொழிகளின் எழுத்துகள் அந்தச் சின்னத் தலையில் ஏறுகின்றன.

இதற்கு மருந்து வெளியூரிலிருந்து வரவில்லை. மும்பையின் மாநகராட்சிப் பள்ளிகளிலேயே கண்டெடுக்கப்பட்டது. 1990களின் நடுவில் மாதவ் சவான், ஃபரீதா லாம்பே ஆகியோர் முன்னின்று இங்கே தொடங்கிய அமைப்பு பிரதம். அதன் திட்டங்களுள் ஒன்று ‘பால்சகி’, அதாவது பிள்ளைகளின் தோழி. பள்ளிப் படிப்பை முடித்த, அதே பகுதியில் வாழும் இளம்பெண்ணுக்கு இரண்டு வாரப் பயிற்சி. மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய 15 முதல் 20 பிள்ளைகளை அவர் பள்ளி நேரத்திலேயே நாளுக்கு இரண்டு மணி நேரம் தனியே அழைத்துச் செல்வார். அறை இல்லையென்றால் தாழ்வாரம். தாழ்வாரமும் இல்லையென்றால் விளையாட்டுத் திடல். முதல் இரண்டு வகுப்புகளில் விட்டுப்போன எழுத்தும் எண்ணும்தான் பாடம். அன்றைய மாத ஊதியம் 500 முதல் 750 ரூபாய்.

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் துஃப்லோ, ஷான் கோல், லீ லிண்டன் ஆகியோர் மும்பையிலும் வடோதராவிலும் 2001 முதல் 2003 வரை இத்திட்டத்தைச் சோதித்து, 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இவர்களுள் முதல் இருவரும் 2019இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். திட்டம் தொடங்கும் முன் வடோதராவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நூறு பேரில் இருபது பேரால்கூட முதல் வகுப்புக் கணக்கைச் சரியாகப் போட முடியவில்லை. இரண்டாம் ஆண்டு முடிவில் வகுப்பின் சராசரி 0.28 திட்டவிலக்கம் உயர்ந்தது. நூறு பேர் வரிசையில் ஐம்பதாவதாக நின்ற பிள்ளை ஏறத்தாழப் பத்துப் பேரைத் தாண்டி முன்னே வருவதற்கு இது சமம்.

அந்த ஆய்விலிருந்து மூன்று பாடங்கள் கிடைக்கின்றன. ஒன்று: பலன் கிடைத்தது தோழியிடம் போன பிள்ளைகளுக்கு. அவர்கள் போனபின் வகுப்பில் கூட்டம் குறைந்தது; ஆனால் அங்கேயே இருந்த பிள்ளைகளின் மதிப்பெண் உயரவில்லை. தலைகளை மட்டும் குறைத்தால் போதாது, பாடம் நடக்கும் முறை மாற வேண்டும். இரண்டு: பட்டம் பெற்றவர்தான் எழுத்தறிவிக்க முடியும் என்பதில்லை. பிள்ளையின் பேச்சும் வீடும் அறிந்த, சற்றே பயிற்சி பெற்ற பெண்ணால் அது முடியும். மூன்று: திட்டம் நின்ற ஓராண்டில் பலனில் பெரும்பகுதி கரைந்தது. ஓராண்டு உற்சாகத்தால் பயனில்லை. ஆண்டுதோறும் தொடர வேண்டும்.

பள்ளி ஆசிரியர்களாலேயே இதைச் செய்ய முடியும் என்பதை ஹரியாணா காட்டியது. அங்கே நாளில் ஒரு மணி நேரம் வகுப்புச் சுவர்கள் மறக்கப்பட்டன. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் வாசிக்கும் திறன்படி குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர், மேற்பார்வையும் உடனிருந்தது. இந்தி வாசிப்பு உயர்ந்தது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், தமிழ்நாடு 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர்கள் மாலைநேரத்தில் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பள்ளி திறந்த ஆறு மாதங்களில், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழக் கால்பங்கு இத்திட்டத்தால் வந்தது என்றும் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோரின் ஆய்வு கணக்கிட்டது. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்து, அவரவர் நிலைக்கேற்பப் பயிற்சி கொடுத்தது.

தாராவிக்கு இதில் எதுவும் எட்டாத உயரத்தில் இல்லை. முதலில், ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து வாசிக்கச் சொல்ல வேண்டும்: எழுத்து, சொல், பத்தி, கதை. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்களே ஆகும். அது எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். அடுத்து, நாள்தோறும் ஒரு மணி நேரத்தைப் பாடத்திட்டத்திலிருந்து மீட்டு வாசிப்புக்கே ஒதுக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்து வீட்டில் பூ கட்டியும் அப்பளம் இட்டும் காலம் கழிக்கும் பெண்களுக்குப் பயிற்சியும் தவறாத ஊதியமும் கொடுத்துப் பள்ளிக்குள் அழைத்துவர வேண்டும். தமிழில் வாசிக்கக் கற்ற பிள்ளைக்கு, எழுத்தும் ஒலியும் இணையும் வழி பிடிபட்டுவிடுகிறது. மராத்திக்கும் ஆங்கிலத்துக்கும் அதுவே ஏணி. தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்ய முயல்வதை அரசியலமைப்பின் 350ஏ பிரிவு 1956இலேயே மாநிலத்தின் கடமையாக்கிவிட்டது.

ஆங்கிலவழிக்கு மாற்றினால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை பெற்றோரிடம் வலுத்திருக்கிறது. மாநகராட்சியும் 2020இல் மாட்டுங்கா வுல்லன் மில் பள்ளியில் ஐசிஎஸ்இ வாரியப் பாடத்திட்ட வகுப்புகளைத் தொடங்கியது. பெற்றோரின் ஆசை நியாயமானது. ஆயினும் எழுத்துக் கூட்டாத பிள்ளை எந்த வாரியத்தின் பாடநூலைத் திறந்தாலும் அதே இடத்தில்தான் நிற்கும். முதலில் வாசிப்பு, வழியும் வாரியமும் அதற்குப் பிறகே.

இதைக் கேட்டுப் பெறும் அதிகாரம் பெற்றோர் கையிலேயே இருக்கிறது. 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். குழுவில் பாதிப்பேர் பெண்கள். கழிப்பறை, குடிநீர், சீருடை ஆகியவற்றோடு ஒரு கேள்வியும் அந்தக் குழுவின் கூட்டத்தில் எழ வேண்டும்: மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்கிறார்கள்? போன மாதம் எத்தனை பேர், இந்த மாதம் எத்தனை பேர்? அந்த எண்ணைச் சுவரில் எழுதி, மாதந்தோறும் திருத்தி வர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய கணக்கு அது.